அரளியை வேலிக்கு வெளியே வைத்த பாட்டி

ராஜபாளையம் பக்கம் நான் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பாட்டி ஆறு வாரக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. “தம்பி, இதுக்குக் காது கேக்குதான்னு பாருங்க. தட்டுச் சத்தம் கேட்டா மத்ததெல்லாம் ஓடியாருது. இது தூங்கிக்கிட்டே கெடக்கு” என்றார்.

போன மாதம் 91 வயதில் பாட்டி காலமானார். நாய் வளர்ப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அவருடைய தோட்டத்தில் கற்றது. அதனால் இதை எழுதுகிறேன்.

அந்தக் குட்டிக்குக் காது கேட்கவில்லை. ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை நன்கு அறியப்பட்ட குறை. உட்காதுக்கு இரத்தம் கொண்டுவரும் திசுவில் நிறமிச் செல்கள் இருக்க வேண்டும். முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அவை அங்கே இருப்பதில்லை. அப்படி இல்லாதபோது, பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் செத்துப்போகின்றன. மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. எல்லா வெள்ளைக் குட்டிகளும் செவிடு இல்லை. ஆனால் சந்தை கேட்பது அந்தத் தூய வெள்ளையையும் ரோஜா மூக்கையும்தான். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

வீட்டில் சோதிப்பவர்கள் பெரும்பாலும் குட்டியின் முன்னால் நின்று கை தட்டுவார்கள். கை அசைவதைக் கண்ணால் பார்த்தே குட்டி திரும்பும். தரையை உதைத்தால் அதிர்வு காலில் தெரியும். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் நின்று, சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். இதிலும் ஒரு காது மட்டும் கேட்காத குட்டி தப்பிவிடும். காதில் விழும் ஒலிக்கு மூளையில் மின் அலை எழுகிறதா என்று கருவியால் பதிவு செய்தால்தான் அது தெரியும். அப்படிப்பட்ட நாய் பார்வைக்குச் சாதாரணமாக வளர்ந்து, இணை சேர்ந்து, குறையை அடுத்த ஈத்துக்குக் கடத்திவிடும்.

“அந்த ஜோடியை இனிச் சேர்க்க வேண்டாம் பாட்டி” என்றேன். நல்ல விலை போகும் ஜோடி, வாதாடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இடுப்பில் செருகியிருந்த நீளமான நோட்டை எடுத்து, பேனா வாங்கி, இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டார். “காது கேக்காததைப் பெத்துப்போட வச்சு யாருக்கு என்ன லாபம் தம்பி? சொத்தைக் காயில விதை எடுக்கக் கூடாதுல்ல?” அவ்வளவுதான். அந்தக் குட்டியை யாருக்கும் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டார். கைச்சாடையிலேயே உட்காரவும் எழவும் வாசலில் நிற்கவும் பழக்கினார். 12 வருடம் இருந்தது அது.

அந்த நோட்டில் ஒரு பக்கம் நாய், எதிர்ப்பக்கம் செடி. எந்தப் பெட்டை எந்த ஆணோடு சேர்ந்தது, எத்தனை குட்டி, எது செத்தது, ஏன். எதிரே, பிச்சிக்கு எப்போது கவாத்து, கொய்யா எந்த மாதம் காய்த்தது. 2005இல் அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையத்தை வாங்கி நோட்டு அட்டையில் ஒட்டியிருந்தார். பார்ப்பவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். ஒருநாள் இரவு பத்து மணிக்கு அவர் வீட்டுப் பையன் ஓடிவந்தான். ராணி என்ற பெட்டை ஓயாமல் வாந்தி எடுக்கிறது, இரத்தமாகக் கழிகிறது என்றான். முந்தின நாள் ரோஜாச் செடிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போட்டிருக்கிறார்கள். அதன் வாசனைக்கு நாய் மண்ணைக் கிளறித் தின்னும். ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் என்ற விஷம் எண்ணெயோடு போகாது, புண்ணாக்கில்தான் தங்கும். சரியாகச் சூடாக்கிப் பதப்படுத்தாத புண்ணாக்கு நாயைக் கொல்லும். மாற்று மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை அடக்கி, உறுப்புகள் தாக்குப்பிடிக்கக் காத்திருக்கலாம். மூன்று நாள் காத்திருந்தோம். பாட்டி அந்த மூன்று நாளும் கிளினிக் திண்ணையை விட்டு நகரவில்லை. ராணி பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் தோட்டத்தையே மாற்றினார். உரத்துக்கு மட்கிய சாணமும் வேப்பம் புண்ணாக்கும். அரளி பூஜைக்கு வேண்டும், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் விஷம். அதனால் அதை வேலிக்கு வெளியே நட்டார். அழகுக்கு வைத்திருந்த, பார்க்கப் பனைபோல இருக்கும் சைகஸ் செடியைப் பிடுங்கிவிட்டார். அதன் விதை ஒன்றிரண்டே நாயின் கல்லீரலை அழிக்கப் போதும். உங்கள் வீட்டில் இவை இருந்தால் இன்றே இடத்தை மாற்றுங்கள். நாய் எதையாவது தின்றது தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே ஆபத்து. தின்றதில் மிச்சத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு நேராக மருத்துவரிடம் வாருங்கள்.

நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் உலகுக்கே 1978இல்தான் தெரியவந்தது. எண்பதுகளில் அது இங்கே பரவியபோது பாட்டியின் ஒரு ஈத்து முழுவதும் நான்கே நாளில் போனதாம். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த இடத்தில் ஒரு வருடம் குட்டிகளை விடாமல் கனகாம்பரம் போட்டிருக்கிறார். தடுப்பூசி கிடைத்த பிறகு ஒரு ஈத்துக்கும் அதைத் தவறவிட்டதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு வருபவர்களின் குட்டிகள்தான் என் மேசையில் அதிகம் சாகின்றன.

முப்பது நாள் குட்டியைக் கேட்டு வெளியூர்க் கார்கள் வந்து நிற்கும். “அறுபது நாளு ஆகட்டும், அம்மாகிட்ட இருக்கட்டும்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். தாயோடும் உடன்பிறப்புகளோடும் விளையாடித்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. 2017இல் வந்த மத்திய அரசின் நாய் இனவிருத்தி விதிகளும் எட்டு வாரத்துக்குள் விற்கக் கூடாது, 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, ஒரு பெட்டைக்கு ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. அவற்றைப் படித்துக் காட்டியபோது பாட்டி ஆச்சரியப்பட்டது ஐந்து என்ற எண்ணுக்கு மட்டும்தான். அவர் மூன்றோடு நிறுத்திவிடுவார்.

78 வயதில் இனவிருத்தியை முழுதாக விட்டார். “நாயி பன்னெண்டு வருசம் இருக்கும். நான் இருப்பனான்னு பாக்கணும்ல.” மீதமிருந்த பெட்டைகளுக்கு வரிசையாகக் கருத்தடை செய்யச் சொன்னார். கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, வயதான பெட்டைகள் கடைசி நேரத்தில் என்னிடம் வருவதை அவர் திண்ணையில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருந்தார். அப்புறம் வளர்த்ததெல்லாம் யாரோ வேண்டாம் என்று விட்ட நாய்கள்.

பதினாறாம் நாள் போயிருந்தேன். மகள் நோட்டைக் கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில், நடுங்கிய எழுத்தில், இடப்பக்கம் “மணிக்கு ஊசி, தை” என்றும் வலப்பக்கம் “பிச்சிக்குக் கவாத்து, தை” என்றும் இருந்தது. மணி வாசலிலேயே படுத்திருந்தான். ஊசியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கவாத்துக்கு மகள் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறாராம்.