தணிக்கைக்காக அடுக்கிய புத்தகங்கள்

ஒரு பள்ளி நூலகம் பிள்ளைகளுக்காக நடக்கிறதா, ஆண்டாய்வுக்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஏதாவது ஒரு தட்டில் அடுத்தடுத்து நிற்கும் நான்கு புத்தகங்களைப் பார்த்தால் போதும். தாவரவியல் கையேடு, பக்கத்தில் பாரதியார் கவிதைகள், அதை ஒட்டிப் பத்தாம் வகுப்பு வினா வங்கி, அப்புறம் தெனாலிராமன் கதைகள் என்று இருந்தால், அவை பள்ளிக்கு வந்து சேர்ந்த வரிசையில் நிற்கின்றன. சரிபார்க்க வருகிறவருக்கு இதைவிட வசதியான அடுக்குமுறை கிடையாது. ஒருவர் பதிவேட்டிலிருந்து எண்ணைப் படிக்க, இன்னொருவர் பீரோ முன்னால் நின்று "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போகலாம். தவளையைப் பற்றிப் படிக்க வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் அந்தப் பீரோவில் ஒன்றும் கிடைக்காது.

பள்ளி நூலகராக வேலை பார்ப்பதால், "எங்க லைப்ரரியை ஒருமுறை வந்து பாருங்க மேடம்" என்று பக்கத்துப் பள்ளிகளில் கூப்பிடுவார்கள். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது. தமிழாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். அவர் கையில் கொடுக்கப்படுவது ஒரு சாவிக்கொத்தும் ஒரு பதிவேடும். பதிவேட்டில் எண் எப்படி ஓடுகிறதோ அப்படியே அலமாரியிலும் அடுக்கிவிடுகிறார். வேறு எப்படி அடுக்குவது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்ப்புப் பதிவேடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தேதி, சேர்ப்பு எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பில் எண், குறிப்பு என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்தே போனாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குத் தரக்கூடாது. அந்த எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் எழுதுவதோடு, நாமே முடிவு செய்துகொண்ட ஒரு ரகசியப் பக்கத்திலும் எழுதி முத்திரை வைக்க வேண்டும். முதல் தாளைக் கிழித்தெறிந்தாலும் ரகசியப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பள்ளியில் அது எத்தனையாவது பக்கம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இதெல்லாம் சொத்துக் கணக்கு. அலமாரி வரிசை என்பது வேறு வேலை.

அந்த வேலைக்கு உலகத்தில் அதிகம் பயன்படுவது அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அறிவுத்துறைகளைப் பத்துப் பெரும் பிரிவாக்கி, 000 முதல் 999 வரை எண் கொடுக்கிறது. 500 அறிவியல், 520 வானியல், 590 விலங்குகள், 794.1 சதுரங்கம், 796.358 கிரிக்கெட், 954 இந்திய வரலாறு. தகவல் நூல்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். இலக்கியத்துக்கு வரும்போதுதான் நமக்கு இடிக்கிறது. சங்கப் பாடலிலிருந்து நேற்று வந்த சிறுகதை வரை தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811 என்ற எண்ணுக்குள் அடங்க வேண்டும். கவிதைக்கு 894.8111, கதைக்கு 894.8113. நம் பள்ளிகளில் இருப்பதில் பெரும்பகுதி தமிழ்க் கதையும் கவிதையும்தான். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணை ஒட்டினால் அது எதையும் பிரித்துக் காட்டாது. பதினாறு பக்கப் படக்கதையின் முதுகில் ஏழு இலக்கம் எழுத இடமும் கிடையாது.

மேற்கத்திய நோக்கில் வகுத்த எண்கள் நம் நூல்களுக்குப் போதாது என்பதை நம் பக்கத்துக்காரர் ஒருவர் அப்போதே பார்த்துவிட்டார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தனிமை தாங்காமல் பழைய வேலைக்குத் திரும்பிவிடப் பார்த்தவர், லண்டன் போய் நூலகக் கல்வி படித்த பிறகு இதிலேயே நிலைத்துவிட்டார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார், கோலன் பகுப்பு முறையை 1933இல். கோலன் முறை நுட்பமானது, ஆனாலும் பள்ளிக்கு அது வேண்டாம் என்பேன். அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியுமாக நீளும் குறியீட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் புத்தகம் தேடச் சொல்வது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்லும் அவருடைய நான்காவது விதிக்கே எதிரானது.

நான் போகும் பள்ளிகளில் சொல்வது இதுதான். தகவல் நூல்களுக்கு டியூயியின் முதல் மூன்று இலக்கம் மட்டும் போதும், புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடுங்கள். வாழ்க்கை வரலாறுகளை, எழுதியவர் பெயரைப் பார்க்காமல் யாரைப் பற்றியதோ அவர் பெயரில் அடுக்குங்கள். காமராசரைப் பற்றி ஐந்து பேர் எழுதியிருந்தால் ஐந்தும் ஒரே இடத்தில் நிற்கட்டும். கதைகளுக்கு எண்ணே வேண்டாம். முதுகில் ஒரு வண்ண நாடா, அதற்குள் தலைப்பின் அகர வரிசை. ஆசிரியர் பெயரில் அடுக்குவதுதான் முறை என்று நூலகவியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். முன்னெழுத்தா, புனைபெயரா, ஊர்ப்பெயரா என்று நாமே தடுமாறும் இடத்தில், தலைப்பைக்கூட அரைகுறையாக ஞாபகம் வைத்திருக்கும் பிள்ளையை நிறுத்துவது நியாயமில்லை. "அந்த நீலக் கலர் அட்டை, மேல ஒரு குரங்கு இருக்கும்ல மிஸ்" என்றுதான் கேட்கிறார்கள். நூலகப் பொறுப்பில் இருப்பவருக்குக் குரங்குகளும் மனப்பாடமாக வேண்டும்.

வண்ணங்களை வாசிப்பு நிலைப்படி பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமானவை என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புக்கு, எட்டாம் வகுப்புக்கு என்று வகுப்பின் பெயரை மட்டும் தட்டில் எழுதிவிடாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் எட்டாம் வகுப்புப் பையன் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறான். "மூன்றாம் வகுப்பு" என்று எழுதியிருக்கும் தட்டில் நண்பர்கள் பார்க்க அவன் கை வைக்க மாட்டான். பச்சை நாடாவில் கை வைப்பான்.

படக்கதைகளின் முதுகைக் காட்டி அடுக்குவது வீண், அட்டைதான் தெரிய வேண்டும். சுவரோரம் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் செலவும் இல்லை. ஆறடி ரேக்கின் மேல்தட்டு சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது, அங்கே பழைய அரையாண்டிதழ்களையும் ஆசிரியர்களுக்கான நூல்களையும் ஏற்றிவிடுங்கள்.

கணினியில் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒருங்குறியில் (யூனிகோடு) ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண்களின் வரிசையை அப்படியே பின்பற்றும் மென்பொருள், தமிழ் அகராதி வரிசையில் அடுக்காது. அதில் ச முடிந்ததும் ஜ வரும், ந முடிந்ததும் ன வரும், ர-வை ஒட்டி ற வரும், வ-வுக்கு முன்னாலேயே ள, ழ முடிந்துவிடும். புள்ளி வைத்த எழுத்துகள் தம் வரிசையின் முதலில் நிற்காமல் கடைசிக்குத் தள்ளப்படும். அன்பு முன்னாலும் அப்பா பின்னாலும் வருவதைப் பார்த்தால் கோளாறு இதுதான் என்று புரிந்துகொள்ளலாம். நூலக மென்பொருள் வேண்டுமென்றால் கோஹா இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் ஏற்கும். ஆனால் இரண்டாயிரம் புத்தகம் உள்ள பள்ளிக்கு நல்ல கையெழுத்தில் ஒரு நோட்டே தாராளம். மென்பொருள் வரட்டும் என்று ஓராண்டு பூட்டி வைத்திருந்த நூலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுக்கி முடித்தால் பாதி வேலை. மீதிப் பாதி நூலகப் பாடவேளை. கால அட்டவணையில் வாரம் ஒன்று இருக்கும், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அது கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். தலைமையாசிரியரிடம் வாதாடிப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் மதிய இடைவேளையைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிற பிள்ளைகள், கட்டாயத்தில் வரிசையாக வருகிற பிள்ளைகளைவிட நன்றாகப் படிக்கிறார்கள்.

பிள்ளை கேட்பதும் பிள்ளைக்கு வேண்டியதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. "சயின்ஸ் புக் வேணும்" என்பாள். எதற்கு என்று கேட்டால் கண்காட்சிக்கு என்பாள். என்ன செய்யப்போகிறாய் என்று இன்னொரு கேள்வி கேட்ட பிறகுதான் சொட்டுநீர்ப் பாசனம் வெளியே வரும். 500க்குப் போக இருந்தவளை 630க்கு அனுப்ப வேண்டும், வேளாண்மை அங்கேதான் இருக்கிறது. இரண்டு கேள்வி கேட்கும் பொறுமை இல்லாவிட்டால் எந்தப் பகுப்பு முறையும் உதவாது.

ஜூலை 15 வந்தால் தெரியும். காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள், பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. முதலில் வந்தவன் ஒரே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டால் மற்றவர்கள் செல்போனில் கிடைத்ததைப் பார்த்து எழுதிவருவார்கள், அத்தனை பேச்சிலும் அதே வரிகள் இருக்கும். அதனால் அந்த வாரத்துக்கு அவரைப் பற்றிய நூல்களை எல்லாம் ஒரு மேசைக்கு மாற்றிவிட வேண்டும். அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், வெளியே தருவதில்லை. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் உங்கள் பீரோவில் தூசி படிந்து கிடந்தால் அதையும் இறக்குங்கள். புள்ளிவிவரங்கள் பழையவைதான். ஆனால் ஒரு பொருளைச் சுருக்கமாகத் தமிழில் எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் அதில் பார்க்கலாம்.

இனி இரவல். பெரும்பாலான பள்ளிகளில் பீரோ பூட்டியே இருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல, பயம். தொலைந்தால் பொறுப்பாசிரியர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டுமே என்ற பயம். இந்த இடத்தில் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் உள்ள 215ஆம் விதியைப் படித்துப் பார்க்கச் சொல்வேன். இருபதாயிரம் தொகுதிகள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்கிறது. அதே விதி, ஓராண்டில் இரவல் கொடுத்த அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஒவ்வோர் ஆயிரம் தொகுதிக்கும் ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இருக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

கணக்கு எதன் மேல் போடப்படுகிறது என்று கவனியுங்கள். இருப்பில் உள்ள ஆயிரத்துக்கு ஐந்து என்றில்லை, புழங்கிய ஆயிரத்துக்கு ஐந்து. எவ்வளவு அதிகம் கொடுக்கிறீர்களோ அவ்வளவு இழப்பை விதி பொறுத்துக்கொள்கிறது. பூட்டிய பீரோவில் ஒன்று காணாமல் போனால் அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. மாநில அரசுப் பள்ளிகளையும் உதவிபெறும் பள்ளிகளையும் இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நிர்வாகத்திடம் பேச ஒரு பிடி கிடைக்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே, இத்தனை வரை இழப்பு ஏற்கப்படும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு பொறுப்பாசிரியருக்குச் சாவியைத் திருகக் கை நடுங்காது.

தாமதத்துக்கு அபராதம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால், பத்து ரூபாய் சேர்ந்த பிள்ளை நம் கண்ணில் படாமல் சுற்றும், புத்தகமும் திரும்பாது. கிழித்துவிட்டாயா, கொண்டுவா, ஒட்டலாம் என்று சொன்னால் திரும்பிவிடும். ஒட்டுவதற்குச் செலோடேப் மட்டும் வேண்டாம், சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்தையே அரித்துவிடும். மைதாப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் கலப்பது பைண்டிங்காரர்கள் காலங்காலமாகச் செய்வது, பூச்சி அண்டாது. மயில்துத்தம் விஷம் என்பதால் பிள்ளைகள் கையில் அந்தக் கிண்ணத்தைத் தரக்கூடாது.

கழித்துக்கட்டும் வேலையையும் ஒத்திப்போடாதீர்கள். புளூட்டோவை ஒன்பதாவது கோளாகச் சொல்லும் புத்தகம் 2006க்கு முந்தியது. சீர்காழி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது என்று அச்சிட்ட வழிகாட்டியை எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றில் இன்றும் பார்த்தேன். 1991இல் அந்த ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் வந்தாயிற்று. இப்படிப்பட்ட நூலைத் தூக்கிப்போட அனுமதி வாங்கி, பதிவேட்டில் சிவப்பு மையில் குறிப்பு எழுதி, நீக்குங்கள். பழைய பாடத்திட்ட வினா வங்கிகளும் அதோடு போகட்டும். தட்டில் இடைவெளி விழுந்தால்தான் நல்ல புத்தகம் கண்ணில் படும்.

கடைசியாக ஒரு நோட்டு. வாசலருகே நூல் கட்டித் தொங்கவிடுங்கள், பக்கத்தில் பேனாவும் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் இருக்காது. கேட்டுக் கிடைக்காத புத்தகத்தைப் பிள்ளைகளே அதில் எழுதட்டும். பெயர் எழுதத் தேவையில்லை. எங்கள் நோட்டில் பேய்க்கதை என்பதுதான் அதிகம், அப்புறம் கிரிக்கெட், ராக்கெட், நாய் வளர்ப்பு, பைக் ரிப்பேர். பெரிய பெண்கள், கேட்கக் கூச்சப்படும் உடல்நலக் கேள்விகளைப் பென்சிலால் சின்னதாக எழுதிவைத்திருப்பார்கள். நூலக மானியம் வரும்போது, பதிப்பகங்கள் அனுப்பும் விலைப்பட்டியலைப் பிரிப்பதற்கு முன்னால் அந்த நோட்டைத் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள்.