ரூட்டருக்கு மினி யூபிஎஸ் மாட்டும் முன்

போன மாதம் ஒரு அம்மா துணிப்பையில் ரூட்டரைப் போட்டுக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். மகளுக்கு மறுநாள் ஆன்லைனில் இன்டர்வியூ. நடுவில் கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரூட்டரை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டி, வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மாட்டியதும் ரூட்டர் செத்துவிட்டது. திறந்து பார்த்தால், பவர் நுழையும் இடத்திலேயே ஒரு ஐசி (சின்னச் சிப்) கருகிக் கிடந்தது. அது 5 வோல்ட் ரூட்டர். செருகியது 12 வோல்ட் வயரை. பின் சரியாகப் பொருந்தியதால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

பின் பொருந்துவதை நம்பாதீர்கள். 5, 9, 12 என எல்லா வோல்ட்டுக்கும் ஒரே மாதிரி பின் வருகிறது. ரூட்டரோடு வந்த அடாப்டரைத் திருப்பி, அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள். வோல்ட் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பக்கத்தில் சின்னப் படம் இருக்கும்: நடுவில் ப்ளஸ்ஸா மைனஸா என்று அதில் தெரியும். பெரும்பாலும் ப்ளஸ்தான், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எவ்வளவு நேரம் தாங்கும்? பெட்டியில் பேட்டரியின் கொள்ளளவு 10000 எம்ஏஎச் (10 ஆம்பியர்-மணி) என்று இருந்தால், ரூட்டர் இழுக்கும் அரை ஆம்பியரால் வகுத்து 20 மணி நேரம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த 10000 உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்வது. அதாவது 37 வாட்-மணி. 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்றால் 6 வாட். 37-ஐ 6-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம்தான். வோல்ட்டை ஏற்றும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். ஐந்து மணி நேரம் கிடைத்தாலே நல்ல பொருள்.

பவர் பேங்க் போதாதா என்று கேட்பார்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் கேட்கும் ரூட்டருக்கு, வோல்ட்டை 12-க்கு ஏற்றும் கேபிள் வழியாகக் கொடுத்தாலும், 5 வோல்ட் பவர் பேங்க் குறைந்தது 2.4 ஆம்பியர் தர வேண்டும். சாதாரண 2 ஆம்பியர் பேங்க் திணறும். தவிர, சார்ஜ் ஏறிக்கொண்டே வெளியே கொடுக்கும்போது பல பவர் பேங்குகள் ஒரு நொடி விட்டுவிடும். ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். வீட்டு இன்வெர்ட்டரிலும் இதே தொல்லை வரும். அதில் யூபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருந்தால் போட்டுப் பாருங்கள், மாறும் நேரம் வெகுவாகக் குறையும்.

ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் பவர் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் மாட்டிவிட்டு நெட் வரவில்லை என்று வருகிறவர்கள் நிறையப் பேர்.

யூபிஎஸ்ஸை ரூட்டரின் தலைமேல் வைக்காதீர்கள், மெத்தை, திரைச்சீலை பக்கமும் வேண்டாம். லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது. உப்பினால், வாசம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

மாட்டி, முழுக்க சார்ஜ் ஏறியதும், ஒரு வீடியோ காலில் இருக்கும்போதே யூபிஎஸ்ஸுக்குப் போகும் கரண்டை அணைத்துப் பாருங்கள். கால் அறுந்தால், பரீட்சை நாளுக்கு முன்பே தெரிந்துவிடும். நிஜமாகவே கரண்ட் போகும்போது ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS, சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மின்னினால், உங்கள் யூபிஎஸ்மேல் குறை இல்லை. ஆபரேட்டர் பக்கம் பவர் போயிருக்கலாம், அவருக்குப் போன் போடுங்கள்.