குப்புறப் படுக்கும் அந்த அரைமணி நேரம்

என் அம்மாவுக்குக் குப்புறப் படுத்துப் பழக்கமே இல்லை. லயத்து வீட்டில் பாயில் ஒருக்களித்துப் படுத்தே எழுபது வயதைத் தொட்டவர். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் தொடங்கிய இடுப்புவலி, சென்ற ஆண்டு நடக்கவிடாமல் செய்தது. டவுனில் ஒரு சின்செயிடம், அதாவது சீன மருத்துவரிடம், அக்குபங்சர் ஊசி குத்திக்கொள்ளப் போனார். கட்டிலைக் காட்டி "தியாராப்" (குப்புறப் படுங்கள்) என்றார்கள். அம்மாவும் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கைகளைத் தலைக்கு மேலே நீட்டிக் குப்புறப் படுத்துவிட்டார். தலையணை எதுவும் கிடையாது.

பத்து நிமிடத்தில் வலது கை மரத்துப் போனது. சின்செ திரைக்கு அந்தப் பக்கம் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட அம்மாவுக்கு மனம் வரவில்லை. சத்தமில்லாமல் கையைக் கீழே இழுத்துக்கொண்டார். அப்போது இடுப்பில் இருந்த ஊசி ஒன்று வளைந்துவிட்டது. அதை எடுக்கும்போது நன்றாக வலித்திருக்கிறது. "சாக்கிட்?" (வலிக்கிறதா?) என்று சின்செ கேட்டதற்கு அம்மா சொன்ன பதில் "சிக்கிட்" (கொஞ்சம்).

பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டதும் எனக்கு மனம் ஆறவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். நோயாளியை எப்படிப் படுக்க வைப்பது என்பதுதான் என் வேலையில் பாதி. பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமல் விட்டுவிட்டேன். முதுகில் ஊசி போடும்போது உடல் எப்படிக் கிடக்க வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் உடற்கூறு என்ன என்பதை இங்கே எழுதுகிறேன். தோட்டங்களில் உழைத்து முதுகு போனவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பக்கத்து ஊரான கோலக்கங்சாரில் 1877இல் ரப்பர் நாற்றுகளை நட்ட நாளிலிருந்து இந்த வட்டாரத்தில் குனிந்து நிமிர்ந்த முதுகுகளுக்குக் கணக்கில்லை.

முதலில், ஊசி குத்தும் புள்ளிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சீன மருத்துவத்தில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இரண்டிரண்டு கோடுகள் உண்டு. உள்கோடு நடுமுதுகிலிருந்து ஒன்றரைச் 'சுன்', வெளிக்கோடு மூன்று சுன். நோயாளியின் கட்டைவிரல் கணுவின் அகலம்தான் ஒரு சுன். ஆகவே அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறும். முதுகில் அதைவிட வசதியான அளவு ஒன்று இருக்கிறது: நடுமுதுகிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு வரை மூன்று சுன். உயரத்தைக் கணக்கிட எலும்புகளே அடையாளம். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கும். இரண்டு இடுப்பெலும்புகளின் மேல் விளிம்பையும் இணைத்துக் கோடு போட்டால் அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பைத் தொடும். அங்கிருந்து இரண்டு எலும்பு மேலே எண்ணி, அதன் கீழ் விளிம்பிலிருந்து ஒன்றரைச் சுன் தள்ளினால் 'ஷென் ஷூ'. இடுப்புவலிக்கு அதிகம் குத்தப்படும் புள்ளிகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. தோள்பட்டை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். அது விலா எலும்புகளின் மேல் தசைகளால் மட்டும் தாங்கப்பட்டு வழுக்கி நகரும் எலும்பு. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் சுழன்று அதன் கீழ்முனை வெளிப்பக்கம் போய்விடும். கட்டிலின் இரு பக்கமும் கைகளைத் தொங்கவிட்டால் முழு எலும்பும் முன்பக்கம் சரியும். உள்விளிம்பும் நடுமுதுகை விட்டு விலகிவிடும், மூன்று சுன் என்ற அளவும் அதோடு போய்விடும். கைகள் உடலோடு ஒட்டித் தளர்ந்து கிடந்தால்தான் புத்தகத்தில் உள்ள படமும் கட்டிலில் கிடக்கும் முதுகும் ஒன்றாகும். படுக்க வைத்துப் புள்ளியை அளந்த பிறகு நோயாளி கையை மாற்றினால் தோல் ஓரிடத்தில், அதன் அடியில் இருக்கும் தசை வேறிடத்தில் என்று ஆகிவிடும்.

மேல்முதுகில் இது வெறும் அளவுப் பிரச்சினையோடு நிற்பதில்லை. அங்கே தோலுக்கு அடியில் கொழுப்பு, தசை, விலா எலும்புகள், அவற்றுக்கு இடையிலான மெல்லிய தசை, அதற்கும் அடியில் நுரையீரல். மூச்சை இயல்பாக விடும்போது நுரையீரலின் பின்பக்கம் பத்தாவது மார்பு முள்ளெலும்பு வரை இறங்கியிருக்கும். அதன் உறை பன்னிரண்டாவது வரை வரும். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டி, ஒல்லியான ஒருவருக்கு, தோலிலிருந்து நுரையீரலுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர்தான் தூரம். ஊசியோ 25 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் நீளங்களில் வருகிறது. அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் இந்தப் பகுதியில் நேராகக் குத்தாமல் முதுகெலும்பை நோக்கிச் சாய்த்து, ஆழமில்லாமல் குத்துவார்கள். தோள்பட்டை எலும்புகள் விலகிப் போன முதுகில், அவற்றுக்கு இடையில் இருக்கும் தசை இழுபட்டு மெலிந்திருக்கும். இருமினால், தும்மினால், கையை இழுத்தால் அந்தச் சில மில்லிமீட்டரும் மாறும். நுரையீரல் உறையில் காற்றுப் புகுவது அரிதாக நடக்கும் விபத்துதான். ஆனால் நடந்தால் உடனே தெரியும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போன பிறகு, சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறலும் குத்தும் மார்புவலியும் தொடங்கலாம். அப்படி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், முதுகில் ஊசி போட்டதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது இடுப்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ஒரே ஒரு தலையணை இங்கே பெரிய வேலை செய்கிறது.

படுத்திருக்கும்போது முதுகெலும்பின் சுமை எவ்வளவு குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில், ஒரு தன்னார்வலரின் கீழ் முதுகில், முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் வட்டுக்குள் நுண்ணிய அழுத்தமானியை வைத்து அளந்து, முடிவை 1999இல் வெளியிட்டார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். முன்னால் குனிந்து நிற்கும்போது 1.1. குப்புறப் படுத்திருக்கும்போது 0.1 மட்டுமே. தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து குனிந்து மரம் சீவியவர்களின் வட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்பதற்கும் இந்த எண்களே சாட்சி.

அப்படியானால் குப்புறப் படுத்தாலே சுகம்தானே? வட்டுக்குச் சுகம். வயதானவர்களின் இடுப்பில் வலிப்பது பல நேரம் வட்டு இல்லை. முள்ளெலும்புகளின் பின்புறத்தில் இருக்கும் சின்ன மூட்டுகள் தேய்ந்திருக்கும், நரம்புகள் போகும் பாதை குறுகியிருக்கும். இவர்களுக்கு முன்னால் சாய்ந்தால் வலி குறையும், பின்னால் வளைந்தால் கூடும். அம்மா வெறுங்கையோடு பாசாரைச் சுற்றினால் பத்துக் கடை தாண்டுவதற்குள் உட்கார இடம் தேடுவார். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைப் பிடித்துச் சாய்ந்துகொண்டால் முழுக் கடையையும் சுற்றி வந்துவிடுவார். தட்டையான கட்டிலில் குப்புறப் படுத்தால் வயிறு கீழே தொய்ந்து, கீழ் முதுகு பின்பக்கமாக வளைகிறது. தொடையை வயிற்றுப் பக்கம் இழுக்கும் தசை பல ஆண்டு குனிந்ததில் இறுகிப் போயிருந்தால் இந்த வளைவு இன்னும் கூடும். எந்த நிலையில் அம்மாவுக்கு வலிக்குமோ, அதே நிலையில் அரைமணி நேரம் படுக்க வைத்து வலிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்!

மருந்து மிக எளிது. விலா எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, வயிற்றின் அடியில் ஒரு தலையணை. அது வளைவை நிமிர்த்துகிறது, மூட்டுகள் விலகுகின்றன, நரம்புப் பாதை கொஞ்சம் திறக்கிறது. அதைவிட முக்கியமாக, முதுகெலும்பை ஒட்டிய தசைகள் விறைப்பை விடுகின்றன. ஊசி போக வேண்டியது அந்தத் தசைக்குள்தான். ஊசியின் தடிமன் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் அளவுதான், ரத்தம் எடுக்கும் ஊசியில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. தளர்ந்த தசைக்குள் போன இந்த மெல்லிய கம்பியை, தசை திடீரென்று சுருங்கும்போது நார்கள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன, வளைத்தும் விடுகின்றன. அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

தலையணை மிகத் தடிமனாக இருந்தால் வயிற்றை அமுக்கி மூச்சை அடைக்கும். ஒரு சாதாரணத் தலையணையில் தொடங்கி, கேட்டுக் கேட்டுக் கூட்டலாம், குறைக்கலாம். கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் பாதம் நீட்டி அமுங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இனி கழுத்து. முகத்துக்குத் துளை வைத்த கட்டில் இருந்தால் நல்லது. நெற்றியும் கன்ன எலும்பும் பாரத்தைத் தாங்க வேண்டும், கண்ணில் அழுத்தம் விழக் கூடாது. துளை இல்லாத கட்டிலில் துண்டை வளையமாகச் சுருட்டி நெற்றிக்கு வைத்தால் போதும், மூக்குக்குக் காற்று கிடைக்கும். தலையை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவைத்தால், அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதியைக் கழுத்தின் உச்சியில் இருக்கும் முதல் இரண்டு எலும்புகள் மட்டுமே செய்கின்றன. தேய்ந்த கழுத்தை அப்படி முறுக்கி அரைமணி நேரம் வைத்தால் முதுகுவலிக்குப் போனவர் கழுத்துவலியோடு திரும்புவார். கை மரத்துப் போவதற்கும் காரணம் உண்டு. கையை மேலே தூக்கிய நிலையில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கட்டு இழுபடுகிறது.

நம் பெண்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மூக்குத்தி முகத்துளையின் விளிம்பில் உராயும். தாலிக்கொடி மார்பெலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் மாட்டி அமுக்கும். பத்து நிமிடத்துக்குப் பிறகு அதைத் தவிர வேறு எதுவும் நினைவில் இருக்காது. அம்மாவைக் கழற்றச் சொல்ல முடியுமா? முடியாது. கொடியை அக்குளோரம் பக்கவாட்டில் ஒதுக்கி, மார்புக்கு இரண்டு பக்கமும் மடித்த துண்டு வைத்தால் பாரம் எலும்பில் விழாது. சீன மருத்துவருக்கு இது தெரிய நியாயம் இல்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

குப்புறப் படுக்கவே முடியாதவர்கள் உண்டு. ஆஸ்துமா, இதய நோய், பெரிய வயிறு, கர்ப்பம். இவர்கள் ஒருக்களித்துப் படுக்கலாம், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, கட்டிப்பிடிக்க இன்னொன்று. கட்டிப்பிடிக்கும் தலையணை எதற்கு என்றால், அது இல்லாமல் மேல் கை முன்னால் சரிந்து தோள்பட்டை எலும்பையும் உடலையும் சேர்த்து முறுக்கிவிடும். நிறைமாதம் நெருங்கும் பெண்கள் இடப்பக்கம் படுப்பது நல்லது. முதுகெலும்பின் வலப்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாயைக் கருப்பை அமுக்காது. கர்ப்பிணி என்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், சில புள்ளிகளை அப்போது தவிர்ப்பார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் சாய்ந்துகொள்ளும் வழியும் இருக்கிறது. மூச்சுக்கு அது சுலபம். ஆனால் மயக்கம் வர வாய்ப்புக் கூடுதல். ஊசியைக் கண்டு பயந்தால் சிலருக்கு இதயத் துடிப்பு குறைந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். படுத்திருப்பவரின் மூளைக்கு ரத்தம் எப்படியாவது போய்ச் சேரும், உட்கார்ந்திருப்பவருக்கு அது மேலே ஏற வேண்டும். வெறும் கோப்பி ஓ குடித்துவிட்டு விடியற்காலையிலேயே கிளம்பிப் பழகிய நம் ஆட்கள் முதல் தடவை போகும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

ஊசிகளை 20, 30 நிமிடம் விட்டு வைப்பார்கள். அந்த நேரத்தில் முதுகின்மேல் போர்வை போட முடியாது. ஏர்கான் குளிரில் நடுங்கினால் தசையும் சேர்ந்து நடுங்கும். அதற்காகப் பலர் வெப்ப விளக்கு வைக்கிறார்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அது கவலை. தோல் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆகவே விளக்கு வைப்பதற்கு முன் அதைக் கேட்பது அவசியம். கூப்பிடுவதற்குக் கையில் ஓர் அழைப்பு மணி கொடுப்பதும் அப்படித்தான். குப்புறப் படுத்தவருக்குத் தரையைத் தவிர எதுவும் தெரியாது.

ஊசி உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்து முறையான ஊசி பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. புள்ளி தவறிய இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4. புள்ளி எது என்பதைவிட அந்த அரைமணி நேரக் கவனிப்பில் ஏதோ இருக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். அப்படியானால் படுக்கை வசதிக்குக் கூடுதல் மரியாதை கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 2007இல் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையிலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு திறந்தார்கள், 2016இல் தனிச் சட்டமும் வந்தது. பதிவு பெற்றவரிடம்தான் போகிறோமா என்று விசாரிக்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். சின்செ நல்ல மனிதர், சொன்னதும் கேட்டுக்கொண்டார். அம்மாவை நாங்கள் இருவருமாகப் படுக்க வைத்தோம். ஊசி எல்லாம் எடுத்த பிறகு அவரை உடனே எழுப்பவில்லை. ஒருக்களிக்கச் செய்து, கால்களைத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் உட்கார வைத்தோம். வெகுநேரம் படுத்தவர் சட்டென்று நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். மூன்றாவது தடவை நான் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஊசி போடுவதற்கு முன்னால் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது, கொஞ்சம் சத்தமாகவே: "பந்தால், சத்து லாகி." தலையணை, இன்னும் ஒன்று.