எஞ்சினுக்குக் கத்திரி வெயில் கிடையாது

மே மாதத்தில் கடலூர்–புதுச்சேரி சாலையோரம் ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி கக்கி நின்றால், அதற்குக் கிடைக்கும் வைத்தியம் பல நேரம் ஒன்றுதான்: "வால்வைக் கழட்டிப் போட்ருங்க சார், நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" வால்வு என்பது இங்கே தெர்மோஸ்டாட். கழற்றியதும் டேஷ்போர்டில் வெப்ப முள் சட்டென்று இறங்கும். வைத்தியம் பலித்துவிட்டது போலத்தான் தெரியும்.

தெர்மோஸ்டாட் உள்ளங்கையில் அடங்கும் சாமான். நடுவில் ஒரு சிறு உலோகக் குப்பி, அதற்குள் மெழுகு. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் 82 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது (காருக்குக் கார் இது மாறும், எண் தெர்மோஸ்டாட்டிலேயே பொறித்திருக்கும்) மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது, தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்குப் போகும் வழி திறக்கிறது. சுமார் 95 டிகிரியில் முழுத் திறப்பு. சூடு குறைந்தால் ஸ்பிரிங் மூடிவிடும். வெளியே மார்கழிப் பனியாக இருந்தாலும் கத்திரி வெயிலாக இருந்தாலும் எஞ்சின் 90 டிகிரியை ஒட்டியே ஓட வேண்டும் என்பதுதான் இதன் வேலை. "நம்ம ஊரு வெயிலுக்கு" என்று தொடங்கும் பாதி யோசனைகள் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகின்றன. வெளியே 28 டிகிரியா 40 டிகிரியா என்பது ரேடியேட்டரின் கவலை. எஞ்சினுக்குள் எப்போதும் ஒரே பருவம்தான்.

கழற்றினால் என்ன ஆகும்? நெடுஞ்சாலையில் எஞ்சின் 60, 65 டிகிரியிலேயே நிற்கும். இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து இசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலோடு கலக்கும். மைலேஜ் குறையும், ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் ஏடு படியும். இன்னொரு வினையும் உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். பெரிய வழி திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் குறுக்கு வழியை அது அடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். காலியாக ஓடும்போது குளிர்ந்து கிடந்த அதே வண்டி, ஐந்து பேரை ஏற்றி ஏசி போட்டு நெரிசலில் ஊர்ந்தால் கொதிக்கும்.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் திறந்து, ஆறினால் முழுக்க மூடினால் அது நல்லது. வண்டி சூடாவதற்குக் காரணம் அப்போது வேறெங்கோ இருக்கிறது: ஓடாத ஃபேன், செத்த ரிலே, மண் அடைத்த ரேடியேட்டர், பிடிப்பு விட்ட ரேடியேட்டர் மூடி, தேய்ந்த வாட்டர் பம்ப், பழுதான ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு). மெழுகு கெட்டிருந்தால் புதிது போட வேண்டும். சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான்.

அடுத்த பிடிவாதம் கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம். "குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அது, கடலூர்ல என்ன பனியா கொட்டுது? குழாய்த் தண்ணி போதும்." தண்ணீர் உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. பழைய அம்பாசடர் எஞ்சினில் பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) ஹெட்டும் (அதன் மேல்மூடி) வார்ப்பிரும்பு. சாதாத் தண்ணீரைப் பல வருடம் பொறுத்துக்கொண்டது. இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம், பலவற்றில் பிளாக்கும் அதுவே. கடலோர போர் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை ஊசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாக அரிக்கும். தண்ணீரின் சுண்ணாம்போ, எங்கே சூடு அதிகமோ அங்கே, ஹெட்டின் உட்சுவரில், வெந்நீர் அண்டாவில் படிவது போலப் படியும். அந்தப் படிவம் அலுமினியத்தைவிடப் பல பத்து மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்துவது.

கொதிநிலைக் கணக்கும் உண்டு. ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருப்பது 'பார்' என்ற அளவில் அழுத்தம். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 125-ஐத் தாண்டும். சூடான மூடியைத் திறந்ததும் முகத்தில் பீய்ச்சியடிப்பதற்கும் இதுதான் காரணம்: அழுத்தம் போனவுடன், 110 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் ஒரே நொடியில் கொதிக்கிறது.

கூலன்டை மாற்றும்போது பலர் செய்யும் தவறு ஒன்று. அலசிய தண்ணீர் ஒரு லிட்டர் அளவுக்கு பிளாக்குக்குள்ளேயே தங்கிவிடும். அதன்மேல், முன்பே தண்ணீர் கலந்து விற்கும் கூலன்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றால், அடர் கூலன்ட் 2 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவதே சரி. கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்ப வேண்டாம். நிறம் வெறும் சாயம். கார்ப் புத்தகம் சொல்லும் வகைதான் கணக்கு.

எஞ்சின் ஆயிலிலும் அதே "நம்ம ஊரு வெயில்" வரும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் தண்ணி மாதிரி இருக்கிறது, கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றுங்கள் என்பார்கள். 100 டிகிரியில் முதலாவதின் பாகுநிலை (எவ்வளவு கெட்டி என்ற அளவு) 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக், இரண்டாவது 12.5 முதல் 16.3. தெர்மோஸ்டாட் எஞ்சினை 90 டிகிரியில் பிடித்து வைப்பதால், ஆயிலின் சூடும் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் மெல்லிய ஆயிலுக்கென்று அமைத்த எஞ்சினில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். கறுத்தால் கெட்டது என்பதும் தவறு: கரியை வாங்கித் தன்னுள் மிதக்க வைப்பது ஆயிலின் வேலை. டீசல் வண்டியில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். புத்தகத்தில் வெப்பநிலைக்கேற்ற மாற்று ஆயில் அட்டவணை இருந்தால் அதைக் கேளுங்கள், டீக்கடையை அல்ல.

காலையில் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுவது கார்புரேட்டரும் சோக்கும் இருந்த காலத்துப் பழக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதும் அந்தக் காலத்து வழிதான். இன்று அந்த மின் துள்ளலில் இசியூ போகலாம். மல்டிமீட்டரில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது.

வெயிலுக்காக டயர் காற்றைக் குறைப்பதுதான் இவற்றில் ஆபத்தானது. சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. ஏறும் என்பது உண்மை. ஆனால் ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய எண், இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துச் சொன்ன குளிர்ந்த டயர் அளவு. குறைத்தால் டயரின் பக்கச் சுவர் அதிகம் மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும். வெடிப்பது அந்தச் சூட்டில்தான்.

வெயிலைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், இந்த ஊரில் காரை உண்மையிலேயே கொல்லும் இரண்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை: வெள்ளமும் கடல் உப்பும்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரித் தெருக்களும், அடுத்து தென்பெண்ணை வெள்ளத்தில் கடலூர்ப் பகுதிகளும் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிக்கு வழக்கமான யோசனை, "ஸ்டார்ட் பண்ணி ஓட்டுங்க, சூட்டுல காஞ்சிடும்." 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. அழுத்த விகிதம் 10-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி. டீ கிளாசில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். டீசலில் இடம் இன்னும் குறைவு. ஆகவே சாவியைத் தொடாமல் நியூட்ரலில் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தாலோ, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். தண்ணீர் துளை வழியே வெளியேறிய பிறகு புது ஆயில், புது ஃபில்டர். சில நிமிடம் ஓட்டி, மறுபடி ஒருமுறை ஆயில் மாற்றம். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண இன்சூரன்ஸில் பணம் வருவது கடினம். எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் திட்டம் தனி.

உப்புக்குப் பலர் செய்யும் கைவைத்தியம், அடிப்பகுதியில் கழிவு ஆயிலோ டீசலோ அடிப்பது. ஆயில் பட்டால் சஸ்பென்ஷன் புஷ்களின் ரப்பர் ஊறி வீங்கும். ஒட்டும் தூசியோ உப்போடு ஈரத்தையும் பிடித்து வைக்கும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நிறுத்திவிட்டு வந்தால், அடியை நல்ல தண்ணீரில் அலசுவதே போதும். உப்பு போர் தண்ணீரில் கழுவினால் உப்பை மாற்றி உப்பைப் பூசுவதாகும். கதவின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று வடிதுளைகள் இருக்கும். அவை அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, கண்ணாடியோரம் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: தடையில்லாமல் கீழே ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் இன்னும் மண் இருக்கிறது.