கொப்புள நோய்க் குழந்தைக்கு டெல்லியில் இலவச சிகிச்சை: கேட்க வேண்டியது ஓபிடி-யில் (வெளிநோயாளர் பிரிவில்)

குழந்தை உடம்பில் கொப்புளம் கண்டால் டெல்லித் தமிழ் வீடுகளிலும் முதல் பேச்சு "அக்கிதான்". ஊரிலிருந்து பாட்டி போனிலேயே காவி பூசச் சொல்லிவிடுவார். அக்கி பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் வரும். தொடையிடுக்கு, வாயைச் சுற்றி என்று முத்துக் கோத்தாற்போல் வளையமாக வந்து, ஆறுகிற இடத்தின் ஓரத்திலேயே புதிதாகக் கிளம்பினால் லீனியர் ஐஜிஏ நோயாக இருக்கலாம். நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தோலையே தாக்குவது இது, யாருக்கும் ஒட்டாது. பெரும்பாலும் 5 வயதுக்குள் தொடங்கி, சில வருடங்களில் அடங்கிவிடும்.

கொப்புளத்தை ஒட்டிய தோலில் சிறு துண்டு எடுத்து, நோய் எதிர்ப்புப் பொருள் அதில் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனை செய்வார்கள். அந்தத் துண்டை, வழக்கமாகத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் இந்தச் சோதனைக்கு வீண். மருந்து டாப்சோன் மாத்திரை, விலை குறைவுதான். ஆனால் ஆரம்பிக்கும் முன் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தச் சோதனை அவசியம்: அந்த நொதி குறைந்த குழந்தைக்கு மாத்திரையே ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை. பெரும்பாலும் எல்லாமே ஓபிடி.

ஆயுஷ்மான் கார்டு உதவாமல் போவது இதனால்தான். 2025 ஏப்ரலில் டெல்லியும் அதில் சேர்ந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம், மாநில அரசு இன்னொரு 5 லட்சம். ஆனால் குழந்தையை அட்மிட் செய்தால்தான் பணம். டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் வரைதான் மருந்துச் செலவு. வாட்ஸப்பில் சுற்றும் "அரிய நோய்க்கு 50 லட்சம்" 2021 தேசியக் கொள்கையில் வருவது; அதன் பட்டியலில் இந்த நோய் இல்லை. அதற்காக அலையாதீர்கள்.

கை கொடுப்பது வேறு ஒன்று. சலுகை விலையில் அரசு நிலம் வாங்கிய தனியார் மருத்துவமனைகள் ஏழைகளுக்கு 10% படுக்கையும் 25% ஓபிடி-யும் இலவசமாகத் தர வேண்டும். 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இலவசம் என்றால் மருந்தும் சோதனையும் சேர்த்துத்தான். "டாக்டர் ஃபீஸ் மட்டும்தான் ஃப்ரீ, டெஸ்ட் வெளியே" என்று ஒரு கவுன்டரில் என்னிடமே சொன்னார்கள். இந்த இலவச சிகிச்சையைக் கவனிக்கும் நோடல் ஆபீசரைக் கேட்டதும் பேச்சு மாறியது.

ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு "ஈ.டபிள்யூ.எஸ். கவுன்டர்" (பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான கவுன்டர்) எங்கே என்று கேளுங்கள். வருமான வரம்பு அவ்வப்போது மாறும், அங்கேயே விசாரியுங்கள். ஃபைலில் முதல் தாளாக ஜி6பிடி ரிப்போர்ட் இருக்கட்டும். டாக்டர் மாறினால் அதைத்தான் முதலில் கேட்பார்.