புதிய ஸ்போர்ட்ஸ் காரில் கை வைப்பதற்கு முன்

புதிதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை மாற்றியமைக்க வேண்டும் என்று பட்டறைக்கு வருபவர்களிடம், அந்தக் காரில் இப்போது என்ன குறையைக் காண்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலோர் குறையைச் சொல்வதில்லை. ஒரு ஸ்பிரிங்கின் பெயரையோ, எக்ஸாஸ்டின் பெயரையோ, இத்தனை குதிரைத்திறன் கூட வேண்டும் என்ற கணக்கையோ சொல்கிறார்கள். உடம்புக்கு என்ன என்று சொல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பவருக்கு மருத்துவர் தயங்கித்தான் சீட்டு எழுதுவார். என் தயக்கமும் அப்படிப்பட்டதே.

ஒருவர் வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத காருடன் வந்தார். சிறு பள்ளத்திலும் கார் தூக்கிப் போடுகிறது, வளைவில் முன்பக்கம் வழுக்குகிறது, ஆகவே சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றிவிட வேண்டும் என்றார். டயர்கள் குளிர்ந்திருந்த நேரத்தில் காற்றழுத்தத்தை அளந்தபோது, கதவுத் தூணில் ஒட்டியிருந்த அளவைவிட ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தது. ஆலையிலிருந்து கப்பலிலும் லாரியிலும் நாட்கணக்கில் நின்றபடி வரும் கார்களின் டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாமல் இருக்கக் காற்றை மிகுதியாக நிரப்பி அனுப்புவது வழக்கம். உரிமையாளரிடம் ஒப்படைக்கும் முன் அதைக் குறைக்க வேண்டியவர்கள் குறைக்கவில்லை. அளவைச் சரிசெய்த பிறகு அவர் சொன்ன இரண்டு குறைகளில் ஒன்று முழுவதும் மறைந்தது, மற்றொன்று பெரிதும் குறைந்தது. அவர் அன்று செலவழித்தது கால் மணி நேரம் மட்டுமே.

இதனால்தான் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் வரை எதையும் மாற்ற வேண்டாம் என்கிறேன். புது டயரின் மேற்பரப்பு தேய்ந்து பிடிப்புக்கு வரவும், பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படியவும், இன்ஜின் பழகவும் அந்தத் தூரம் தேவைப்படுகிறது. ஓட்டுபவருக்கும் அதே அளவு தேவைப்படுகிறது என்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அந்த நாட்களில் எந்த இடத்தில், எந்த வேகத்தில், கார் என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பின்னர் நம்மிடம் இருப்பது ஆசைப் பட்டியலாக இல்லாமல் குறைப் பட்டியலாக இருக்கும்.

அதிகம் கேட்கப்படுவது காரைத் தாழ்த்துவது. அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் அதுவே. குட்டையான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பழைய டேம்பரையே விட்டுவைத்தால், சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடைவெளி குறைந்து, வளைவின் நடுவே வரும் ஒரு சிறு மேட்டிலேயே அது பம்ப் ஸ்டாப் எனும் எல்லைத் தடுப்பில் போய் முட்டும். அந்த நொடியில் அந்த மூலை திடீரென்று இறுகிப்போக, டயர் பிடிப்பை இழக்கிறது. ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக அமைந்த ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷனில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரின் ஈர்ப்பு மையம் தாழும் அளவைவிட வளைவில் அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம் அதிகமாகத் தாழ்ந்துவிடுவதால், உயரம் குறைந்தும் காரைச் சாய்க்கும் விசை கூடிவிடலாம். பார்வைக்குப் பந்தயக் கார்போல் இருப்பது ஓட்டத்தில் அப்படி இருப்பதில்லை. இதற்கு மேல் வீல் அலைன்மென்ட், முகப்பு விளக்கின் கோணம், முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவின் அளவமைவு ஆகிய மூன்றையும் மீண்டும் பார்க்க வேண்டும். மின்னணு டேம்பர் உள்ள காரில் அதைக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும் என்பதைச் சொல்லாமலே வேலையை முடித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரிம் விஷயத்தில் கண் சொல்வதை நம்பக் கூடாது. ஸ்பிரிங்கிற்குக் கீழே இருக்கும் எடை கூடக் கூட, மேடுபள்ளத்தில் சக்கரம் சாலையை விட்டு எழுந்து திரும்பத் தாமதமாகிறது. பெரிய ரிம் பெரும்பாலும் கனமான ரிம்மாகவே இருக்கிறது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரமான ஆஃப்செட் மாறினால் ஸ்டீயரிங்கின் உணர்வும் பேரிங்கின் மேல் விழும் பாரமும் மாறுகின்றன. டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணையும் எழுத்தையும் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும், 95 என்றால் 690 கிலோ, வி என்ற குறி மணிக்கு 240 கிலோமீட்டர் வரைக்கும், டபிள்யூ 270 வரைக்கும், ஒய் 300 வரைக்கும் உரியது. ஆலை கொடுத்ததைவிடக் குறைந்த குறியுள்ள டயரை நான் பொருத்துவதில்லை. நான்கு சக்கரமும் உந்தும் கார்களில் முன், பின் டயர்களின் சுற்றளவு விகிதம் சிறிது பிசகினாலும், இரு அச்சுகளையும் இணைக்கும் கிளட்ச் இடைவிடாது உழைத்துச் சூடேறுகிறது. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் நிலைப்புக் கட்டுப்பாடும் சக்கரத்தின் சுழற்சியை எண்ணித்தான் காரின் நிலையை அறிகின்றன என்பதால், அந்தக் கணக்கு கெட்டால் அவற்றின் முடிவும் கெடும்.

பணத்தை எங்கே முதலில் செலவழிக்கலாம் என்று கேட்டால், நல்ல டயரிலும் பிரேக்கிலும் என்பேன். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 140 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை நிறுத்த, 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே காரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தைப் பிரேக் வெளியேற்ற வேண்டியுள்ளது. பந்தயத் தடத்தில் மூன்றாவது சுற்றில் பெடல் அமுங்கிப்போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பிரேக் ஆயில். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், நாளடைவில் ஈரம் கலந்த பின் அதற்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகிறது. ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. டாட் 5 என்பது சிலிக்கான் அடிப்படையிலானது; எண் பெரிது என்பதற்காக அதை டாட் 4 உடன் கலக்கவே கூடாது. பெரிய டிஸ்க் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்பதும் தவறான எண்ணமே. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே வலுவாக இருந்தால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்; பெரிய டிஸ்க் தருவது அடுத்தடுத்துப் பிடிக்கும்போது வெப்பத்தைத் தாங்கும் திறன் மட்டுமே. தடத்துக்கான பேடுகள் சாலையில் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், அன்றாடம் ஓட்டும் காருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

இனி இன்ஜின். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத இன்ஜினில் ஈசியு ரீமேப்பால், அதாவது இன்ஜினை நடத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவதால், கிடைக்கும் சக்தி, கொடுக்கும் பணத்துக்கு ஈடாவதில்லை. திறந்த ஏர் ஃபில்டர் பல கார்களில் சத்தத்தைக் கூட்டுவதோடு, இன்ஜின் அறையின் சூடான காற்றையும் உள்ளே இழுக்கிறது. டர்போ இன்ஜினில் கதை வேறு. உள்ளே செலுத்தும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டினால் டார்க், அதாவது சுழற்று விசை, உண்மையாகவே கூடுகிறது. ஆனால் தயாரிப்பாளர் சோம்பலால் அந்தச் சக்தியை விட்டுவைக்கவில்லை. தரம் குறைந்த பெட்ரோல், கடும் வெயில், மலைப்பாதை, தவறவிட்ட சர்வீஸ் ஆகிய எல்லாவற்றையும் அதே இன்ஜின் தாங்க வேண்டும் என்று வைத்த இடைவெளி அது. குறைந்த சுழற்சியில் மிகுந்த அழுத்தம் கேட்கும் ரீமேப்புகளைக் குறித்து எனக்குக் குறிப்பான அச்சம் உண்டு. நேரடியாக எரிபொருள் பாய்ச்சும் டர்போ இன்ஜின்களில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தீப்பற்றிக்கொள்ளும் நிகழ்வு அந்த நிலையில்தான் ஏற்படுகிறது. வழக்கமான முறையற்ற எரிதலில், அதை உணரும் நாக் சென்சார் ஸ்பார்க்கைப் பின்தள்ளிக் காப்பாற்றலாம் என்றால், இங்கே ஸ்பார்க்குக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். பிஸ்டன் உடைந்த நிலையில் வந்த ஒரு காரைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து, டார்க் எந்தச் சுழற்சியில் ஏறுகிறது என்ற வரைபடத்தைப் பார்க்காமல் உச்ச எண்ணைப் பற்றி நான் பேசுவதில்லை. ரீமேப் செய்பவரிடம், நீங்கள் வழக்கமாக ஊற்றும் எரிபொருளிலேயே உள்வரும் காற்றின் வெப்பத்தையும் இக்னிஷன் (ஸ்பார்க் நேர) திருத்தத்தையும் பதிவுசெய்து காட்டுவாரா என்று கேளுங்கள். முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி), ஒரே நாளில் அளந்திருந்தால் மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றும் வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு விளக்கம் தேவையில்லை.

வாரண்டியைப் பற்றிப் பலரும் வைத்திருக்கும் ஒரு நம்பிக்கை, சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது. பல ஈசியுக்கள் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்பதை எண்ணி வைத்திருக்கின்றன. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், எந்த மாற்றத்துக்குப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் தேவை என்பதை முதலில் விசாரித்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து எழுத்திலேயே பதிலும் பெற வேண்டும். விபத்துக்குப் பிறகு இந்தக் கடிதத்தைத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழற்றிய அசல் பாகங்களை, போல்ட்டுகள் உட்பட, பெயர் எழுதி உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். விற்கும் நாளில் அவற்றுக்கு மதிப்பு உண்டு.

மாற்ற முடிவு செய்துவிட்டால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றிய காரில் ஒரு நடுக்கம் வந்தால், எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை மாற்றிய வேலையைவிட நீளும்.

காற்றழுத்தம் கூடுதலாக இருந்த அந்தக் காரின் உரிமையாளர் ஆறு மாதம் கழித்துத் தம் நோட்டுடன் வந்தார். அதில் இரண்டு குறைகளே மிஞ்சியிருந்தன: தடத்தில் நான்காவது சுற்றிலிருந்து பெடல் அமுங்குகிறது, நீண்ட வளைவில் முன்பக்கம் சற்றே வெளியே போகிறது. முதலாவதற்குப் புது ஆயிலும் சற்றுக் கூடுதல் வெப்பம் தாங்கும் பேடும் போட்டோம். இரண்டாவதற்கு ஆலை அனுமதித்த எல்லைக்குள்ளேயே முன் சக்கரக் கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை, திருத்தினோம். ரிம் ஆசை மட்டும் அவரை விடவில்லை. ஒரு மணி நேரம் பேசிய பிறகு, அதே விட்டத்தில், அதே ஆஃப்செட்டில், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ குறைவான ரிம்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.