கல்லடிக் காற்றும் கழலாத நட்டும்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குப் பக்கத்துக் கராஜ் ஒன்றில், டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டி) மாற்ற வந்த வான் அரை நாளாக நின்றது. பெல்ட்டைத் தொட வேண்டுமானால் முதலில் எஞ்சினின் முக்கிய சுழல் தண்டான கிராங்க் தண்டின் முனையிலுள்ள பட்டிச் சக்கரத்தை, அதாவது புல்லியை, கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருந்த நட்டோ அசையவில்லை. ஸ்பேனரில் நான்கடிக் குழாயை மாட்டி இருவர் தொங்கினார்கள். எஞ்சின்தான் பின்பக்கமாகச் சுழன்றது.

இதற்குக் காரணம் ஆள்பலம் குறைவு அல்ல. பல வாகனங்களில் இந்த நட்டை 150 முதல் 250 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையில் இறுக்குகிறார்கள். ஒரு மீற்றர் கம்பியின் நுனியில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 200. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் புல்லியை நெருக்கிப் பிடிக்கும் இழுவையாக மாறுகிறது. மீதியை நட்டின் அடியிலும் திருகுப் புரிகளிலும் உராய்வு தின்றுவிடுகிறது. கழற்றும்போது மல்லுக்கட்டுவதும் அந்த உராய்வோடுதான்.

மட்டக்களப்பில் இன்னொரு எதிரியும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றில் வரும் உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை விரைவுபடுத்துகிறது. துருவாகும்போது இரும்பின் கனவளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். மயிரிழை இடைவெளியே உள்ள புரிகளுக்குள் அது ஆப்பாக இறங்கிவிடுகிறது.

இங்கேதான் நட்டை அடித்தடித்துக் கழற்றும் இம்பாக்ட் கருவியின் அழகு. அதனுள் சுழலும் சுத்தியல் தொடர்ந்து தள்ளுவதில்லை; அடிக்கிறது. ஒவ்வோர் அடியும் நொடியின் மிகச் சிறு பகுதியில் முடிந்துவிடும். கிராங்க் தண்டும் அதன் மறுமுனையிலுள்ள பிளைவீல் என்ற பாரமான சக்கரமும் அவ்வளவு சிறு நேரத்தில் சுழலத் தொடங்குவதில்லை. குழாயின் மெதுவான இழுப்புக்கு எஞ்சின் இணங்கிவிடுகிறது. அடிக்கு இணங்க அதற்கு நேரமில்லை. அதனால் விசை நட்டிலேயே இறங்குகிறது. அதிர்வு துருவை நொறுக்க, முன்பே ஊற்றிய எண்ணெய் அந்த வெடிப்புகளில் ஊறி இறங்குகிறது.

கருவிக்கும் நட்டுக்கும் இடையில் நீண்ட மெல்லிய இணைப்புத் தண்டு கூடவே கூடாது. அது சுருள்வில்லைப் போல முறுகி அடியை விழுங்கிவிடும். தீ காட்டுவதும் ஓரளவுக்குத்தான் உதவும்: 30 மில்லிமீற்றர் நட்டை 200 பாகை சூடேற்றினால் விரிவது 0.07 மில்லிமீற்றர். துருவின் பிடியை உடைக்க அது போதும்; ஆனால் பல புல்லிகளுக்குள் ரப்பர் வளையமும் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும் இருப்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பேனரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். நழுவும் ஸ்பேனர் கையை முறித்துவிடும்.

அன்று கல்லடியில் இம்பாக்ட் கருவியின் ஏழெட்டு நொடி அதிர்வுக்குப் பின் "டக்" என்று ஓர் ஒலி. செம்பழுப்புத் தூள் கொட்டியது. அசைந்த பிறகு உராய்வு சட்டென்று குறைவதால், மிச்சத்தை மெக்கானிக் பாஸ் சிறு ஸ்பேனரிலேயே சுழற்றி எடுத்தார். பிறகு கம்பித் தூரிகையால் புரிகளைத் தேய்த்தார். பக்கத்தில் நின்ற பையன் எண்ணெய்க் குப்பியை நீட்டியபோது, "பொறு தம்பி, கம்பனிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஊற்றுவோம்" என்றார். அவர் சொன்னது சரி. உலர்ந்த புரிக்குக் குறித்த அளவில் எண்ணெய் பூசிய புரியை இறுக்கினால், உராய்வு தின்ன வேண்டிய பங்கும் இழுவையில் சேர்ந்து புரியே அறுந்துபோகலாம்.